நெடுநேர இல்ல நிகழ்வுக் காணொளிகளை ஈரடுக்கு டிவிடியில் பதிதல்: சிக்கல்களும் தீர்வுகளும்

ஆய்வுச்சுருக்கம்

திருமணம், வளைகாப்பு, காதணி விழா போன்ற இல்ல நிகழ்வுகளின் வீடியோ நாடாக்கள் நாட்டுப்புறவியல், சடங்கியல், பேச்சுவழக்கு ஆய்வுகளுக்கு முதன்மைச் சான்றுகளாக அமைகின்றன. மூன்று மணிநேரமும் அதற்கு மேலும் ஓடும் இப்பதிவுகளைத் தரம் குறையாமல் ஒரே வட்டில் அடக்க ஈரடுக்கு டிவிடி உதவுகிறது. ஆயினும் ஓரடுக்கு வட்டில் காணப்படாத சில இடர்கள் இதில் எழுகின்றன. கோப்பு கொள்ளாமை, அடுக்கு மாறுமிடத்தில் பதிவு நின்றுபோதல், ஒலியும் காட்சியும் விலகுதல், வீட்டு இயக்கியில் வட்டு ஓடாமை ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவற்றின் காரணங்களையும் களையும் முறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இல்ல நிகழ்வுக் காணொளி, ஈரடுக்கு டிவிடி, அடுக்கு மாறுமிடம், பிட் வீதம், ஆவணப் பாதுகாப்பு.

1. முன்னுரை

நலங்குப் பாடலையும் ஊஞ்சல் பாடலையும் இன்று நேரில் கேட்டுப் பதிவு செய்வது அரிதாகிவருகிறது. ஆனால் 1980களின் பிற்பகுதியிலிருந்து எடுக்கப்பட்ட திருமண வீடியோக்கள் பலவற்றில் அப்பாடல்கள் பாடியவர் குரலிலேயே நிலைத்துள்ளன. பாட்டியர் பாடிய மெட்டு, உறவுமுறை விளிகள், வரிசை வைக்கும் ஒழுங்கு, இடையிடையே எழும் கேலிப் பேச்சு எனப் பலவும் இவற்றில் உள்ளன. கள ஆய்வாளர் கேட்டுப் பெறும் விடைகளைக் காட்டிலும் இயல்பான தரவுகள் இவை. ஏனெனில் பாடியவர் ஆய்வாளர் ஒருவருக்காகப் பாடவில்லை.

இத்தகைய பதிவுகள் பெரும்பாலும் விஎச்எஸ் நாடாவிலோ மினிடிவி நாடாவிலோ உள்ளன. காந்த நாடா பூஞ்சை பிடித்தும் காந்தத்தன்மை குன்றியும் நலிவடையும். அதை இயக்கும் கருவிகளும் அருகிவிட்டன. ஆகவே நாடாவிலுள்ளதைக் கணினிக்கு மாற்றிய பின்னர் ஒரு படியை ஆய்வு நூலகத்திற்கும், ஒரு படியை நாடாவைத் தந்துதவிய குடும்பத்திற்கும் அளிப்பது ஆய்வாளரின் கடமையாகிறது. குடும்பத்தினர் தொலைக்காட்சியில் போட்டுப் பார்க்கத்தக்க படியாக டிவிடி அமைகிறது.

பிஏஎல் முறையில் இயங்கும் ஈ-180 வகை விஎச்எஸ் நாடா மூன்று மணிநேரம் ஓடும். அதனை ஓரடுக்கு டிவிடியில் அடக்கினால் காட்சிக்குக் கிடைக்கும் இடம் குறைவு. இரண்டு வட்டுகளாகப் பிரித்தாலோ சடங்கின் தொடர்ச்சி அறுபடும். ஒரு வட்டு தொலைந்தால் மறுபாதி முழுமையிழக்கும். இந்நிலையில் 2004இல் சந்தைக்கு வந்த ஈரடுக்குப் பதிவு வட்டு பொருத்தமான தீர்வாகிறது. எனினும் இவ்வட்டு ஒருமுறை மட்டுமே எழுதத்தக்கது. பிழை நேரின் வட்டு வீணாகும். அதனினும் பெரிய இடர், குறையுள்ள படியை நல்ல படியென நம்பி மூலநாடாவைக் கைவிடுவதாகும்.

2. ஈரடுக்கு வட்டின் அமைப்பு

இடர்களின் காரணத்தை அறிய வட்டின் அமைப்பை அறிதல் வேண்டும். ஓரடுக்கு டிவிடியின் கொள்ளளவு ஏறத்தாழ 470 கோடி பைட்டுகள். டிவிடி+ஆர் டிஎல் எனப்படும் ஈரடுக்கு வட்டின் கொள்ளளவு 854,79,91,552 பைட்டுகள். இது 2,048 பைட்டுகள் கொண்ட 41,73,824 பிரிவுகளாக அமைந்துள்ளது. ஓர் அடுக்கிற்கு 20,86,912 பிரிவுகள், அதாவது ஏறத்தாழ 427 கோடி பைட்டுகள் உரியன.

எழுதும் ஒளிக்கற்றை முதல் அடுக்கில் வட்டின் மையத்திலிருந்து விளிம்பு நோக்கிச் செல்கிறது. அடுக்கு மாறியதும் இரண்டாம் அடுக்கில் விளிம்பிலிருந்து மையம் நோக்கித் திரும்புகிறது. இரண்டாம் அடுக்கை எழுதும்போது ஒளி, பாதி ஊடுருவும் தன்மையுடைய முதல் அடுக்கைக் கடந்தே செல்லவேண்டும். இதனால் ஈரடுக்கு வட்டு திருப்பியனுப்பும் ஒளி குறைவு. ஓரடுக்கு வட்டு 45 முதல் 85 விழுக்காடு வரை ஒளியைத் திருப்ப, ஈரடுக்கு வட்டு 18 முதல் 30 விழுக்காடு வரையே திருப்புகிறது. பழைய இயக்கிகள் இவ்வட்டைப் படிக்கத் திணறுவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

இவ்வமைப்பிலிருந்து இரண்டு விதிகள் பெறப்படுகின்றன. முதலாவது, இரண்டாம் அடுக்கில் உள்ள தரவு முதல் அடுக்கில் உள்ளதைவிட மிகக்கூடாது. இரண்டாவது, முதல் அடுக்கில் அதன் கொள்ளளவுக்கு மேல் எழுத இயலாது. அடுக்கு மாறுமிடத்தைப் பற்றிய சிக்கல்கள் பெரும்பாலும் இவ்விரு விதிகளுக்குள் அடங்கும்.

3. எழுதுவதற்கு முன் எழும் சிக்கல்கள்

3.1 கோப்பு கொள்ளாமை

வட்டின் உறையில் 8.5 ஜிபி என அச்சிடப்பட்டிருக்கும். அது 850 கோடி பைட்டுகளைக் குறிக்கும். விண்டோஸ் கணினியோ 1,024இன் மடங்குகளால் கணக்கிடுவதால் வட்டின் முழுக் கொள்ளளவை 7.96 ஜிபி எனக் காட்டும். கணினியில் 8.3 ஜிபி எனக் காட்டப்படும் கோப்பு வட்டில் கொள்ளாமைக்கு இதுவே காரணம், வட்டில் குறையில்லை.

கோப்பின் அளவைத் தீர்மானிப்பது பிட் வீதமாகும். வட்டை முழுதும் நிரப்பாமல் 800 கோடி பைட்டுகளுக்குள் அடக்குவதெனக் கொண்டால் கணக்கு எளிது. 800 கோடி பைட்டுகள் 64,000 மெகாபிட்டுகளாகும். அதனைப் பதிவின் நொடிகளால் வகுத்து, பட்டி, பொதிவு ஆகியவற்றுக்காக நான்கு விழுக்காடும், டால்பி டிஜிட்டல் ஒலிக்காக நொடிக்கு 0.192 மெகாபிட்டும் கழித்தால் காட்சிக்குரிய சராசரி வீதம் கிடைக்கும்.

2 மணிநேரப் பதிவு: நொடிக்கு 8.3 மெகாபிட்
3 மணிநேரப் பதிவு: நொடிக்கு 5.5 மெகாபிட்
4 மணிநேரப் பதிவு: நொடிக்கு 4.1 மெகாபிட்
6 மணிநேரப் பதிவு: நொடிக்கு 2.65 மெகாபிட்

டிவிடி வரையறைப்படி காட்சிக்கான உச்ச வீதம் நொடிக்கு 9.8 மெகாபிட். ஆயினும் பதிவு வட்டுகளில் 8க்கு மேற்போகாதிருப்பது நல்லது. மிகுந்த வீதத்தில் எழுதப்பட்ட பகுதியை இயக்கி படிக்கத் தடுமாறும்போது காட்சி உறைகிறது. ஒலியைச் சுருக்காமல் பிசிஎம் வடிவில் வைத்தால் அதற்கு மட்டும் நொடிக்கு 1.536 மெகாபிட் செலவாகும். மூன்று மணிநேரப் பதிவில் இது காட்சித் தரத்தைப் பெரிதும் பாதிக்கும்.

நான்கு மணிநேரத்திற்கு மேற்பட்ட பதிவுகளில் காட்சியின் நுணுக்க அளவைக் குறைப்பது ஒரு வழி. விஎச்எஸ் நாடாவின் கிடைநுணுக்கம் ஏறத்தாழ 240 கோடுகளே. எனவே அதனை 720×576 அளவில் விரித்து வைப்பதால் புதிய விவரம் எதுவும் தோன்றாது. டிவிடி வரையறை ஏற்கும் 352×576 அளவில் பதிந்தால் குறைந்த பிட் வீதத்திலும் முகங்கள் கட்டம் கட்டமாகச் சிதறாமல் தெரியும். மினிடிவி நாடாவிற்கு இது பொருந்தாது. அதன் நுணுக்கம் மிகுதி; அதனை இரு வட்டுகளாகப் பிரிப்பதே முறை.

3.2 ஒலியும் காட்சியும் விலகுதல்

தொடக்கத்தில் பொருந்தியிருந்து, நேரம் செல்லச் செல்ல வாயசைவுக்குப் பின்னால் ஒலி வருவது நெடுநேரப் பதிவுகளுக்கே உரிய குறை. இதற்கு இரு காரணங்கள் உள்ளன. ஒன்று, நாடாவிலிருந்து மாற்றும்போது கணினி சில காட்சிச் சட்டங்களைத் தவறவிடுதல். மற்றொன்று, ஒலியின் மாதிரி வீதம் மாறுபடுதல். மினிடிவி கருவிகள் பலவற்றில் 12 பிட் அமைப்பில் ஒலி 32 கிலோஹெர்ட்சில் பதிவாகும். டிவிடிக்கு 48 கிலோஹெர்ட்ஸ் தேவை.

மாற்றும்போது தவறிய சட்டங்களின் எண்ணிக்கையை மென்பொருள் காட்டும். அது சுழியாக இல்லையெனில் மீண்டும் மாற்றுவதே தீர்வு. ஒலியை முதலிலேயே தனியாக 48 கிலோஹெர்ட்சுக்கு மாற்றிய பின்னர் காட்சியுடன் இணைக்கவேண்டும். பேச்சுவழக்கு ஆய்வில் ஈடுபடுவோர் இதில் கூடுதல் கருத்துச் செலுத்துதல் தகும். யார் எதைச் சொன்னார் என்பதை உதட்டசைவைக் கொண்டே உறுதிசெய்ய வேண்டிய இடங்கள் கூட்டம் மிகுந்த காட்சிகளில் பல உள்ளன.

3.3 புலவரிசைப் பிறழ்ச்சி

நாடாக்காட்சியின் ஒவ்வொரு சட்டமும் ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என இரு புலங்களால் ஆனது. மினிடிவியில் கீழ்ப்புலம் முதலில் வரும். எம்பெக்-2 ஆக மாற்றும்போது மேற்புலம் முதலில் எனத் தவறாகக் குறித்தால் கணினித் திரையில் குறை தோன்றாது. தொலைக்காட்சியில் ஒவ்வோர் அசைவும் முன்னும் பின்னும் துடிக்கும். ஆகவே சிறு பகுதியொன்றைத் திரும்ப எழுதத்தக்க ஓரடுக்கு டிவிடி+ஆர்டபிள்யூ வட்டில் பதிந்து தொலைக்காட்சியில் பார்த்த பின்னரே முழுப்பதிவை மாற்றத் தொடங்கவேண்டும்.

புலம்பெயர் குடும்பங்களின் நாடாக்களில் மற்றொரு வேறுபாடு உண்டு. கனடாவில் எடுக்கப்பட்டவை என்டிஎஸ்சி முறையில், 720×480 அளவில், நொடிக்கு 29.97 சட்டங்களாக அமையும். தமிழகமும் இலங்கையும் பிஏஎல் முறையைப் பின்பற்றியவை. ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது அசைவின் இயல்பைக் கெடுக்கும். எந்த முறையில் எடுக்கப்பட்டதோ அதே முறையில் டிவிடியை உருவாக்குவதே ஆவண நோக்கிற்கு உகந்தது.

4. அடுக்கு மாறுமிடத்தைத் தேர்தல்

அடுக்கு மாறும்போது இயக்கி ஒளிக்குவியத்தை மாற்றிக்கொள்ளச் சிறிது நேரம் எடுக்கும். அந்நொடிப்பொழுதில் காட்சி நிற்கும். இது குறையன்று, வட்டின் இயல்பு. ஆனால் அது எங்கு நிகழவேண்டும் என்பதை ஆய்வாளர் தீர்மானிக்கலாம். தாலி கட்டும் நேரத்திலோ பாடலின் நடுவிலோ அது விழுந்தால் படியின் பயன் குன்றும். மணமேடையிலிருந்து பந்திக்குக் காட்சி மாறுமிடத்தில் விழுந்தால் எவரும் உணரமாட்டார்.

காணொளி டிவிடியில் அடுக்கு மாறுமிடம் செல் எனப்படும் சிறுபகுதியின் தொடக்கத்திலேயே அமையமுடியும். மேலும் அது 16 பிரிவுகள் கொண்ட பிழைதிருத்தத் தொகுதியின் எல்லையில் பொருந்தவேண்டும். வடிவமைப்பு மென்பொருளில் இடப்படும் ஒவ்வோர் அத்தியாயக் குறியும் ஒரு புதிய செல்லைத் தொடங்கிவைக்கும். அத்தியாயக் குறியே இடாத மூன்று மணிநேரப் பதிவில் தகுந்த இடம் கிடைக்காமல் எழுதும் மென்பொருள் மறுப்பதைக் காணலாம். மென்பொருள் மாறினாலும் இம்மறுப்பு மாறாது. குறிகளை இட்டு மீண்டும் உருவாக்குவதே வழி.

குறிகளை எங்கு இடுவது என்பதற்கும் கணக்கு உண்டு. மொத்தத் தரவு 800 கோடி பைட்டுகள் எனில், முன்னர்க் கூறிய இரு விதிகளின்படி அடுக்கு 400 கோடிக்கும் 427 கோடிக்கும் இடையில் மாறவேண்டும். பிட் வீதம் சீராக உள்ள மூன்று மணிநேரப் பதிவில் இது 90ஆம் நிமிடத்திற்கும் 96ஆம் நிமிடத்திற்கும் இடைப்பட்ட பகுதி. மொத்தம் 720 கோடியாகக் குறைந்தால் அப்பகுதி 90 முதல் 106 நிமிடம் வரை விரியும். வட்டு முழுதும் நிரம்பினாலோ தேர்வுக்கு இடமே இராது. ஆகவே வட்டைச் சற்றே காலியாக விடுவது ஆய்வாளருக்குத் தேர்வுரிமையை அளிக்கிறது. அத்துடன் உற்பத்திக் குறை மிகுந்து காணப்படும் விளிம்புப் பகுதியும் தவிர்க்கப்படுகிறது.

அப்பகுதிக்குள் வரும் சடங்கு மாற்றங்களைப் பார்த்து இரண்டு மூன்று குறிகளை இடவேண்டும். இம்க்பர்ன் போன்ற மென்பொருள்கள் தகுதியான செல்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் தொடக்கக் காட்சியையும் காட்டித் தெரிவு செய்யக் கேட்கும்.

இந்நிலையில் உருவாகும் ஐஎஸ்ஓ கோப்பை ஃபேட்32 முறையில் அமைந்த வன்தட்டில் சேமிக்க இயலாது. அம்முறையில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மிகக்கூடாது. என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த வன்தட்டைப் பயன்படுத்தினால் இவ்விடர் நீங்கும்.

5. எழுதும்போது எழும் சிக்கல்கள்

எழுதுதல் எந்த விழுக்காட்டில் நிற்கிறது என்பது காரணத்தைக் காட்டும் முதன்மைக் குறிப்பாகும்.

தொடக்கத்திலேயே நின்றால் வட்டெழுதி அவ்வட்டு வகையை அறியவில்லை எனக் கொள்ளலாம். ஒவ்வொரு பதிவு வட்டிலும் உற்பத்தியாளர் குறியீடு பொதிந்துள்ளது. அதற்குரிய ஒளியாற்றல் அளவுகள் வட்டெழுதியின் உள்நிரலில் இருக்கவேண்டும். வட்டுக்குப் பின் வெளிவந்த உள்நிரல் பதிப்பை நிறுவினால் பெரும்பாலும் இது தீரும். உறையிலுள்ள வணிகப்பெயரைவிட இக்குறியீடே வட்டின் தரத்தைக் காட்டும். ஒரே பெயரில் விற்கப்படும் வட்டுகள் வெவ்வேறு ஆலைகளில் உருவாகியிருக்கக்கூடும்.

ஏறத்தாழப் பாதியில் நின்றால் இரு காரணங்கள் ஒருசேர நிற்கின்றன. அங்குதான் ஒளிக்கற்றை விளிம்பை அடைகிறது. அங்குதான் அடுக்கும் மாறுகிறது. வட்டின் தரக்குறைவு, மிகுந்த வேகம், நலிந்த வட்டெழுதி ஆகிய மூன்றையும் இவ்வரிசையில் ஐயுறவேண்டும். முதலில் வேறு உற்பத்தியாளர் குறியீடுடைய வட்டை மாற்றிப் பார்த்தல், அடுத்து வேகத்தைக் குறைத்தல், இறுதியாக வேறு வட்டெழுதியில் முயலுதல் என ஒவ்வொன்றாக மாற்றினால்தான் காரணம் புலப்படும். மூன்றையும் ஒருங்கே மாற்றினால் வெற்றி கிடைத்தாலும் எதனால் கிடைத்தது என்பது விளங்காது.

வேகத்தைப் பொறுத்தவரை, மிகக்குறைந்த வேகமே எப்போதும் சிறந்தது என்பது சரியன்று. 8 மடங்கு வேகத்திற்கென உருவாக்கப்பட்ட வட்டு 4 மடங்கில் நன்கு அமையலாம், 2.4 மடங்கில் அதனினும் குறைந்த தரத்தில் அமையலாம். வட்டின் உச்ச வேகத்தில் ஏறத்தாழப் பாதியைத் தொடக்கமாகக் கொண்டு, பதிந்த வட்டைச் சோதித்து முடிவுசெய்தல் தகும். 800 கோடி பைட்டுகளை எழுத 2.4 மடங்கில் ஏறத்தாழ 40 நிமிடமும் 4 மடங்கில் 24 நிமிடமும் ஆகும்.

எழுதாமலே ஒத்திகை பார்க்கும் வசதி டிவிடி-ஆர் வகையில் உண்டு. டிவிடி+ஆர் வகையில் இல்லை. எனவே டிவிடி+ஆர் டிஎல் பயன்படுத்துவோர் ஐஎஸ்ஓ கோப்பை முதலில் கணினியிலேயே மெய்நிகர் வட்டாக ஏற்றி, தொடக்கம் முதல் முடிவு வரை பட்டிகளையும் அத்தியாயங்களையும் சோதித்தல் வேண்டும். எழுதும் நேரத்தில் கணினியில் வேறு பணி செய்யாதிருத்தலும், மடிக்கணினியை மின்னிணைப்பிலேயே வைத்தலும், உறக்கநிலையை நிறுத்திவைத்தலும் தேவை.

6. எழுதிய பின் எழும் சிக்கல்கள்

கணினியில் ஓடும் வட்டு வீட்டு இயக்கியில் ஓடாமை மிகுதியாகக் கேட்கப்படும் குறை. வட்டின் வகையைக் கூறும் குறிப்பு ஒன்று அதன் தொடக்கத்தில் உள்ளது. டிவிடி+ஆர் டிஎல் என்னும் குறிப்பைப் பழைய இயக்கிகள் அறியா. எழுதுவதற்கு முன் அக்குறிப்பை டிவிடி-ரோம் என மாற்றியமைத்தால் இயக்கி அதனைக் கடையில் வாங்கிய திரைப்பட வட்டெனக் கொண்டு படிக்கும். வட்டெழுதிகள் பல ஈரடுக்கு வட்டுக்கு இதனைத் தாமாகவே செய்கின்றன. எழுதி முடித்த வட்டில் இதனை மாற்ற இயலாது.

இயக்கி வட்டை ஏற்றும் நடுப்பகுதியில் மட்டும் காட்சி உறைந்தால் அடுக்கு மாறுமிடத்தருகே பிழைகள் மிகுந்துள்ளன எனலாம். இதனை உறுதிசெய்ய இரு சோதனைகள் உள்ளன. முதலாவது, வட்டிலுள்ளதை ஐஎஸ்ஓ கோப்புடன் ஒப்பிடும் சரிபார்ப்பு. இரண்டாவது, நீரோ டிஸ்க்ஸ்பீடு போன்ற மென்பொருளால் பிழை எண்ணிக்கையை வரைபடமாகப் பார்த்தல். சரிபார்ப்பில் தேறிய வட்டும் பிழை மிகுந்திருக்கக்கூடும். ஏனெனில் பிழைதிருத்த முறை அவற்றை அப்போதைக்கு மறைத்துவிடுகிறது. தொடர்ந்த எட்டுத் தொகுதிகளில் உள் சமனிப்பிழை 280க்கு மிகக்கூடாது என்பது வரையறை. இன்று அவ்வெல்லையை ஒட்டி நிற்கும் வட்டு சில ஆண்டுகளில் படிக்க இயலாததாகலாம். அத்தகைய வட்டை நூலகத்திற்கு அளிக்காமல் வேறொன்று எழுதுதலே நன்று.

7. ஆவண நோக்கில் டிவிடியின் இடம்

பதிவு வட்டுகளை மட்டும் நம்பி ஆவணங்களைக் காப்பதிலுள்ள இடர்களைக் கெவின் பிராட்லி 2006இல் யுனெஸ்கோவிற்காக எழுதிய அறிக்கை விரிவாகக் காட்டியது. இக்கருத்து ஈரடுக்கு வட்டுக்கு மேலும் பொருந்தும். டிவிடிக்காகச் சுருக்கப்பட்ட எம்பெக்-2 காட்சி பார்வைக்குரிய படியே, மூலப்படி அன்று. மினிடிவி நாடாவிலிருந்து பெற்ற டிவி கோப்பு மணிக்கு ஏறத்தாழ 13 ஜிபி ஆகும். அதனைச் சுருக்காமல் இரு வேறு வன்தட்டுகளில், இரு வேறு இடங்களில், எம்டி5 போன்ற சரிபார்ப்பெண்ணுடன் வைத்தல் வேண்டும்.

வட்டைப் பேணும் முறைகளை அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய நிறுவனம் 2003இல் வெளியிட்ட கையேடு தொகுத்துரைக்கிறது. விளிம்பைப் பிடித்தே கையாளுதல், ஒட்டுத்தாள் ஒட்டாமை, வெயில்படாத குளிர்ந்த உலர்ந்த இடத்தில் உறையிலிட்டு நிமிர்த்தி வைத்தல் ஆகியவை அவற்றுட் சில. நிகழ்வு, ஊர், நாள், நாடா வகை, மாற்றிய நாள் ஆகிய விவரங்களை நீர்சார் மையால் மேற்புறத்தில் எழுதலாம்.

இல்ல நிகழ்வுக் காணொளி தனிவாழ்வின் பதிவு என்பதையும் மறத்தலாகாது. நாடாவைத் தந்தவரின் இசைவு ஆய்வுக்கு மட்டுமா, நூலகத்தில் பிறர் பார்வைக்கும் உரியதா என்பதை எழுத்தில் பெற்ற பின்னரே படிகளின் எண்ணிக்கையை முடிவுசெய்யவேண்டும்.

8. முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களால் பின்வருவன பெறப்படுகின்றன.

- ஈரடுக்கு வட்டில் எழும் சிக்கல்களுட் பல எழுதுவதற்கு முன்பே வேர்கொள்கின்றன. பிட் வீதக் கணக்கும் அத்தியாயக் குறிகளும் அவற்றைத் தடுக்கும்.
- வட்டை 800 கோடி பைட்டுகளுக்குள் நிறுத்தினால் அடுக்கு மாறுமிடத்தைச் சடங்கின் இடைவெளியில் அமைக்க வாய்ப்பு கிடைக்கும்.
- பாதியில் நிற்கும் பதிவுக்கு வட்டின் தரம், வேகம், வட்டெழுதி என்னும் வரிசையில் ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும்.
- வீட்டு இயக்கியில் ஓடுவதற்கு வகைக்குறிப்பை முன்னரே மாற்றவேண்டும்.
- டிவிடி பகிர்வுக்குரிய படி. சுருக்காத கோப்பே காப்புக்குரிய படி. இரண்டும் சோதிக்கப்பட்ட பின்னரும் மூலநாடாவை அழித்தல் தகாது.

நாடாவில் பாடும் முதியோர் பலர் இன்றில்லை. அவர்தம் குரலை மீண்டும் பதிவு செய்ய வழியில்லை. ஆதலால் பாடல் வரிகளைப் படியெடுப்பதில் காட்டும் கவனத்தை வட்டில் எழுதும் பணியிலும் காட்டுவது ஆய்வுநெறியின் ஒரு கூறாகக் கொள்ளத்தக்கது.